வகுப்பறைக்குள் வந்த குரல்

1924ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் லண்டனிலிருந்து பள்ளிகளுக்கென்றே ஓர் ஒலிபரப்பு நடந்தது. பி.பி.சி. அப்போது ஒரு தனியார் கம்பெனி. வயது இரண்டுகூட நிறையவில்லை. பேசியவர் வால்ஃபோர்டு டேவிஸ் என்னும் இசையமைப்பாளர். பேசிய பொருளும் இசைதான். வகுப்பறை மேசைமேல் ஒரு பெட்டி இருந்தது, அதிலிருந்து ஒரு குரல் வந்தது, பிள்ளைகள் கைகட்டிக் கேட்டார்கள். அந்தக் குரலுக்குரியவருக்குத் தன் எதிரில் இருப்பவர்கள் யாரென்று தெரியாது. ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் அது அவனுடைய ஆசிரியரின் செவியோடு நின்றிருக்கும். குரல் தன்பாட்டில் மேலே போயிருக்கும்.

தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். திருக்குறளின் நாற்பத்திரண்டாம் அதிகாரத்துக்குத் தலைப்பாக நிற்கும் கேள்வி, கேட்டுப் பெறும் அறிவு. இன்று நாம் பேச்சில் வழங்கும் கேள்வி, வினா. ஒரே வினையடியிலிருந்து இரண்டும் பிறந்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது. கற்றவர் ஒருவரின் அருகில் அமர்ந்து கேட்டவனுக்கு இடையில் புகுந்து கேட்கவும் இடம் இருந்திருக்கும். வானொலி முதல் கேள்வியைக் கொண்டுவந்தது, இரண்டாவதை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டது. பாட்காஸ்ட் என்றும் வலையொலி என்றும் இன்று வழங்குகிற ஒலிக்கோப்புகள் பள்ளிக்குள் நுழைந்த கதையை அமெரிக்காவின் 2004, 2005ஆம் ஆண்டுகளிலிருந்து தொடங்கிச் சொல்வதுதான் வழக்கம். நாம் அதை எண்பது ஆண்டுகள் முன்னே தள்ளிவைத்துப் பார்க்க விரும்புகிறோம். ஏனெனில் பாட்காஸ்டுக்கு முன்வைக்கப்பட்ட வாக்குறுதிகளில் பெரும்பாலானவை முன்பே ஒருமுறை முன்வைக்கப்பட்டவை. அவற்றில் எவை நிறைவேறின, எவை பொய்த்தன என்பதற்கும் பதிவு இருக்கிறது.

பி.பி.சி.யின் முதல் கல்வி இயக்குநர் ஜே. சி. ஸ்டோபார்ட். பண்டைய கிரேக்க, ரோமானிய நாகரிகங்களைப் பற்றி நூல்கள் எழுதியவர். பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்து வந்தவர். நாட்டின் தலைசிறந்த அறிஞரின் குரலைக் கடைக்கோடிக் கிராமப் பள்ளிக்கும் கொண்டுசேர்க்க முடியும் என்பதுதான் தொடக்ககாலத்தின் பெரிய கனவு. கனவில் பிழையில்லை. ஆனால் தலைசிறந்த அறிஞருக்குப் பத்து வயதுப் பிள்ளையிடம் பேசத் தெரிந்திருக்க வேண்டுமே! 1927இல் கென்ட் மாவட்டப் பள்ளிகளில், கார்னகி அறக்கட்டளையின் பொருளுதவியோடு ஒரு விரிவான ஆய்வு நடத்தப்பட்டு மறு ஆண்டே அறிக்கையாக வெளிவந்தது. ஒலிபரப்பு உண்மையில் எதைக் கற்பிக்கிறது என்று வகுப்பறைக்கே போய்ப் பார்த்த முதல் பெருமுயற்சிகளில் ஒன்று அது. 1929இல் பள்ளி ஒலிபரப்புக்கென்று ஒரு மத்தியக் குழு அமைக்கப்பட்டது. ஆசிரியர்களும் கல்வி அதிகாரிகளும் அதில் இடம்பெற்றார்கள். நிகழ்ச்சியோடு சேர்த்துப் படங்கள் நிறைந்த சிறு பிரசுரங்கள் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. காது மட்டும் போதாது, கண்ணுக்கும் கைக்கும் ஏதேனும் வேண்டும் என்பது அத்தனை விரைவில் புரிந்துபோயிற்று.

இக்காலத்தின் உண்மையான கலைஞர் என்று நாம் ரோடா பவரைச் சொல்வோம். இடைக்கால வரலாற்றாசிரியர் ஐலீன் பவரின் தங்கை. 1927இல் பி.பி.சி.க்காக வரலாற்றுப் பாடங்கள் வழங்கத் தொடங்கிய இவர், மன்னர்களின் பட்டியலை வாசிப்பதற்குப் பதிலாகச் சந்தை இரைச்சலையும் குதிரைக் குளம்பொலியையும் நாட்டுப்பாடல்களையும் உரையாடல்களையும் பாடத்துக்குள் கொண்டுவந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தெரு எப்படி ஒலித்திருக்கும் என்று யோசிப்பதே ஒரு வரலாற்று ஆராய்ச்சிதான். இன்று புகழ்பெற்ற வரலாற்றுப் பாட்காஸ்டுகள் கையாளும் உத்திகளில் பலவற்றுக்கு இந்த அம்மையாரிடம் முன்மாதிரி உண்டு. நன்றி சொல்வார்தான் குறைவு.

ஆயினும் ஒரு தொல்லை தீரவே இல்லை. வானொலிக்கு அதன் கடிகாரம். பதினோரு மணிக்கு ரோமாபுரி என்றால் பதினோரு மணிக்கு ரோமாபுரிதான். வகுப்பு அன்று கிரேக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம். மழை கூரைமேல் கொட்டிக்கொண்டிருக்கலாம். பாதிப் பேர் வராமல் இருக்கலாம். பள்ளியின் கால அட்டவணையை லண்டனில் இருக்கும் ஒருவர் வகுத்துத் தர, அதற்கேற்ப ஓடவேண்டியவரானார் ஆசிரியர். நம் நாட்டில் அகில இந்திய வானொலியின் பள்ளி ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இது புதிதாக இராது.

அமெரிக்காவில் இதே கதை சற்று உரத்த குரலில் நடந்தது. 1929இல் ஒஹாயோவில் 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' தொடங்கிய பென் டாரோ, 1932இல் தாம் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே வானொலியை 'உதவி ஆசிரியர்' என்று அழைத்தார். உதவி என்ற அந்த அடக்கத்தை நாம் மதிக்கிறோம். பின்னால் வந்த பலரிடம் அது இல்லை. கிளீவ்லாந்து நகரக் கல்வி வாரியம் 1938இல் தனக்கென்று ஒரு வானொலி நிலையத்தையே வைத்துக்கொண்டது. அதை நடத்திய வில்லியம் லெவன்சன், கையடக்க வானொலிப் பெட்டி கரும்பலகையைப் போல வகுப்பறையில் சர்வசாதாரணமாகும் காலம் வரும் என்று 1945இல் எழுதினார். வரவில்லை. திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி, கணினி என்று அமெரிக்க வகுப்பறைக்குள் வந்த ஒவ்வொரு கருவிக்கும் முதலில் ஆரவாரம், பிறகு ஆய்வு, பிறகு ஏமாற்றம், கடைசியில் ஆசிரியர் மேல் பழி என்று ஒரே சுழற்சி நடந்திருப்பதை லாரி கியூபன் 1986இல் ஒரு நூலில் எடுத்துக்காட்டினார். பாட்காஸ்ட் பிறப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பு வந்த நூல் அது.

ஆரவாரம் இல்லாமல் நீடித்தவையும் உண்டு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையம் 1931இல் தொடங்கிய பள்ளி ஒலிபரப்பில் 'லெட்ஸ் ட்ரா' என்று ஒரு நிகழ்ச்சி. வானொலியில் ஓவிய வகுப்பு! கேட்கும்போது சிரிப்பு வருகிறது. 1936இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அதை நடத்திய ஜேம்ஸ் ஷ்வால்பாக், எப்படி வரைய வேண்டும் என்று கோடு கோடாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. கதையும் இசையும் கொடுத்தார். கேட்ட பிள்ளைகள் தம் மனத்தில் எழுந்ததை வரைந்தார்கள். ஓரறைப் பள்ளிகள் நிறைந்த அந்த மாநிலத்தில் ஓவிய ஆசிரியரை நியமிக்க வழியில்லாத ஊர்கள் ஏராளம். அதே நிலையத்தில் இயற்கையைப் பற்றிப் பேசிய 'ரேஞ்சர் மேக்' என்பவரின் நிகழ்ச்சி, பிள்ளைகளைக் கேட்டு முடித்தபின் வெளியே போய்ப் பார்க்கச் சொன்னது. அது 1942ஆம் ஆண்டுக்கான பீபாடி விருதைப் பெற்றது. இந்த விருதின் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இரண்டு நிகழ்ச்சிகளிலும் பொதுவாக இருப்பது, குரல் ஓர் இடத்தில் நின்று, இனி உன் முறை என்று பிள்ளையிடம் விட்டுவிடுவது. அந்த இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தியவர்களே பள்ளி ஒலிபரப்பின் வரலாற்றில் நமக்கு முக்கியமானவர்களாகத் தெரிகிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் அந்த இடைவெளிக்கு வேறொரு வடிவம் கிடைத்தது. மைல் கணக்கில் தள்ளித் தள்ளி இருக்கும் மாட்டுப் பண்ணைகளில் பறக்கும் மருத்துவர் சேவைக்காக வானொலிக் கருவிகள் இருந்தன. மிதித்து மின்சாரம் உண்டாக்கும் கருவியை 1920களின் இறுதியில் ஆல்பிரட் ட்ரேகர் உருவாக்கியிருந்தார். நோயாளிக்காக இருவழியாகப் பேசும் இந்தக் கருவியைப் பள்ளிக்கூடமாக்கினால் என்ன என்று கேட்டவர் அடிலெய்டு மீத்கி என்ற கல்வி அதிகாரி. தனிமையில் வளரும் பண்ணைப் பிள்ளைகளின் கூச்சத்தைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது என்பார்கள். 1951 ஜூன் 8ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வானொலிப் பள்ளி முறையாகத் திறக்கப்பட்டது. பாடங்கள் முதலில் ஒருவழியாகவே ஒலிபரப்பாயின. ஆனால் விரைவிலேயே ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் கேள்வி பதிலுக்கு நேரம் ஒதுக்கினார்கள். ஏறத்தாழ 13 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக்கிடந்த பிள்ளைகள், இரைச்சலுக்கு நடுவே ஆசிரியரின் குரலைக் கேட்டதோடு, தங்களைப் போன்ற மற்றப் பிள்ளைகளின் குரலையும் கேட்டார்கள். பக்கத்து வீடு என்ற ஒன்றே இல்லாத குழந்தைக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தி! 2000களின் நடுவில் அங்கே வானொலி விடைபெற்றுச் செயற்கைக்கோள் இணைப்பு வந்தது.

இருவழிக் கருவிக்கு வசதியில்லாத நாட்டில் என்ன செய்வது? இந்த வரலாற்றிலேயே நம்மை மிகவும் கவர்ந்த பகுதி இதற்கான விடைதான். 1974இல் நிகராகுவாவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர்களும் அந்நாட்டுக் கல்வியாளர்களும் சேர்ந்து, அமெரிக்க அரசின் உதவித் தொகையில், தொடக்கப்பள்ளிக் கணக்குப் பாடத்தை வானொலி வழியே நடத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். தலைநகர் மனாகுவாவை 1972ஆம் ஆண்டு நிலநடுக்கம் தரைமட்டமாக்கியிருந்த நேரம். ஆசிரியர்களில் பலருக்குப் போதிய பயிற்சி இல்லை, பாடப்புத்தகங்களும் அரிது.

அவர்கள் கண்டுபிடித்தது ஓர் எளிய விஷயம். வானொலி ஒரு வினாவைக் கேட்கும்: ஐந்தும் மூன்றும் எத்தனை? பிறகு மௌனம். சில நொடி மௌனம். அந்த மௌனத்துக்குள் வகுப்பு முழுவதும் உரக்க விடை சொல்லும். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். மறுபடி வினா, மறுபடி மௌனம். சொல்வதோடு நில்லாமல், எழுந்து நில்லுங்கள், விரல்களை எண்ணுங்கள், தாளில் எழுதுங்கள் என்று கட்டளைகள் வரும். குரல் இங்கேயும் ஒருவழியானதுதான். பிள்ளைகள் சொல்வது அதற்குக் கேட்காது. ஆனால் கேட்பதுபோல் அது நடந்துகொண்டது. இது ஏமாற்று வேலையல்லவா என்று கேட்கலாம். மௌனத்தின் நீளம் எத்தனை நொடி இருக்க வேண்டும் என்பதை இவர்கள் அறையில் அமர்ந்து கற்பனை செய்யவில்லை. பாடங்களை உண்மையான பிள்ளைகளிடம் ஒலிக்கச் செய்து, எங்கே அவர்கள் திணறினார்கள், எங்கே சலித்தார்கள் என்று பார்த்துத் திருத்தினார்கள். ஆகவே அந்த மௌனம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் முன்பே யாரோ ஒரு பிள்ளையைக் கேட்ட காது இருந்தது. வானொலி முடிந்தபின் ஆசிரியர் தொடர்ந்து நடத்த வேண்டிய பகுதியும் வகுக்கப்பட்டிருந்தது.

ஒப்பிட்டுப் பார்த்தபோது வானொலி வகுப்புகளின் பிள்ளைகள் கணக்கில் தெளிவாகவே முந்தியிருந்தார்கள். 1979ஆம் ஆண்டுப் புரட்சியோடு நிகராகுவாவில் திட்டம் நின்றது. ஆனால் முறை சாகவில்லை. கென்யாவில் ஆங்கிலம் கற்பிப்பதிலிருந்து தொடங்கி, பல ஏழை நாடுகளுக்கு அது பயணப்பட்டது. எபோலா நோயால் சியரா லியோனில் பள்ளிகள் மூடப்பட்டபோது 2014 அக்டோபரில் அந்நாட்டு அரசு வானொலிப் பாடங்களைத் தொடங்கியது. 2020இல் கொரோனா வந்தவுடன் அவர்களுக்கு அந்த அனுபவம் கையிலிருந்தது. மற்றவர்கள் விழித்துக்கொண்டிருக்க, அவர்கள் மீண்டும் நுண்ணலைக் கோபுரம் தேடாமல் பழைய வானொலியை எடுத்தார்கள். பாட்காஸ்டின் மேன்மையைப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஒலிக்கோப்பை இறக்கிக்கொள்ள இணையம் வேண்டும், கருவி வேண்டும், கட்டணம் வேண்டும். வானொலிக்கு ஒரு பேட்டரி போதும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றிலும் பேசுவோர் பெரியவர்களே. பிள்ளையிடம் ஒலிவாங்கியைக் கொடுத்த கதை பிரான்ஸில் தொடங்குகிறது, அதுவும் ஒரு நுரையீரல் காயத்திலிருந்து. செலஸ்தேன் ஃபிரெனே முதல் உலகப் போரில் 1917இல் படுகாயமடைந்தவர். தெற்குப் பிரான்ஸின் ஒரு மலைக் கிராமத்தில் ஆசிரியரான அவரால் நெடுநேரம் உரத்துப் பேச முடியாது. பேச முடியாத ஆசிரியர் என்ன செய்வார்? 1920களின் நடுவில் ஒரு சிறிய அச்சுப்பொறியை வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் தங்கள் நடை பயணங்களையும் ஊர்ச் செய்திகளையும் எழுதி, தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்து, தொலைவிலுள்ள வேறொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் அச்சு வந்தது. அவருடைய முறையின் வேர் முழுவதும் அந்தக் காயத்தில் இருப்பதாகச் சொல்வது மிகையாகலாம். ஆனால் தன் குரல் அடங்கிய இடத்தில்தான் பிள்ளைகளின் சொல் எழ முடியும் என்பதை அவர் உடல் அவருக்குக் கற்பித்திருக்கும்.

ஒலிநாடாப் பதிவுக் கருவி வந்ததும் ஃபிரெனே இயக்கத்து ஆசிரியர்கள் அச்சுப்பொறியிடம் கேட்டதையே அதனிடமும் கேட்டார்கள். பியேர் கெரேன் போன்றோரின் முயற்சியால் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கைவினைஞர்களையும் முதியவர்களையும் பேட்டி கண்டு பதிவு செய்து, ஒலிக் கடிதங்களாகப் பள்ளிக்குப் பள்ளி அனுப்பிக்கொண்டார்கள். நாடாவை வெட்டி ஒட்டித் தொகுக்கவும் பிள்ளைகள் கற்றார்கள். 2005இல் புதுமை என்று கொண்டாடப்பட்ட ஒன்று, அதற்கு ஐம்பது ஆண்டு முன்பே தபாலில் போய்வந்துகொண்டிருந்தது.

அதே ஒலிநாடாவை அமெரிக்கா எப்படிப் பயன்படுத்தியது என்றும் ஒரு வரி சொல்லிவிடலாம். 1957இல் ருஷ்யா ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது; 1958இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றிக் கல்விக்குப் பணம் கொட்டியது; அதில் ஒரு பங்கு மொழிக் கூடங்களாயிற்று. தடுப்புப் பெட்டிகளுக்குள் காதொலிப்பானோடு வரிசை வரிசையாக அமர்ந்த மாணவர்கள், நாடா சொன்னதைத் திருப்பிச் சொன்னார்கள். அதில் பலவும் இருபதாண்டுக்குள் தூசி படிந்தன. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த கேசட்டோ ஆசிரியரின் பையிலேயே அடங்கியது. வானொலியின் கடிகாரத்திலிருந்து வகுப்பு விடுபட்டது அப்போதுதான். வேண்டியபோது போடலாம், நிறுத்தலாம், பின்னோக்கிச் சுற்றலாம். பாட்காஸ்டின் பெருமையாகச் சொல்லப்படும் இந்த மூன்றும் கேசட்டின் கொடை.

அப்படியானால் பாட்காஸ்ட் புதிதாகக் கொண்டுவந்தது என்ன? விநியோகம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் டேவ் வைனர், இணையத்தில் செய்தியோடைகளுக்கான ஆர்.எஸ்.எஸ். என்ற வடிவத்தில் (நம் நாட்டு அமைப்பு ஏதோடும் இதற்கு உறவில்லை) ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்ப வழி செய்தார். ஒருமுறை சந்தா கொடுத்துவிட்டால் புதிய பகுதி தானே வந்து சேரும். 2004 பிப்ரவரியில் கார்டியன் இதழில் பென் ஹாமர்ஸ்லி இதற்குப் பெயர் தேடியபோது போகிற போக்கில் உதிர்த்த சொற்களில் ஒன்று 'பாட்காஸ்டிங்'. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்டுகளுக்கு இடமளித்தது. அவ்வாண்டின் சொல்லாக அதை நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி தேர்ந்தெடுத்தது. தபால் செலவில்லாமல், வானொலி உரிமம் இல்லாமல், ஒரு பள்ளி தன் குரலை உலகத்துக்கு அனுப்பலாம் என்றாயிற்று.

கல்வி நிலையங்கள் இதை எதிர்கொண்ட விதத்தில் பழைய இரண்டு வழிகளும் உடனே பிரிந்து தெரிந்தன. 2004ஆம் ஆண்டு டியூக் பல்கலைக்கழகம் முதலாண்டு மாணவர்கள் 1,600க்கும் மேற்பட்டோருக்கு ஐபாட் வழங்கியது. ஏடுகள் ஆரவாரித்தன. விரிவுரைகளை ஒலிக்கோப்பாக மாணவர் செவியில் ஊற்றுவதே பொதுவாக எதிர்பார்க்கப்பட்டது. முதலாண்டு முடிவில் மதிப்பிட்டபோது, படிப்பு சார்ந்து மாணவர்கள் மிகுதியாகப் பயன்படுத்தியது அக்கருவியின் ஒலிப்பதிவு வசதியையே என்று தெரியவந்தது. கேட்பதற்குக் கொடுத்த கருவியை அவர்கள் பதிவு செய்வதற்கு எடுத்துக்கொண்டார்கள். 2005இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் வில்லோடேல் தொடக்கப்பள்ளி 'ரேடியோ வில்லோவெப்' என்ற பாட்காஸ்டைத் தொடங்கியது. பேசியவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். தாங்கள் படித்த பாடத்தைச் சிறு சிறு பகுதிகளாக எழுதி, ஒத்திகை பார்த்து, தங்களைப் போன்ற பிள்ளைகளுக்காகப் பேசினார்கள். ஃபிரெனேயின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க வேண்டிய தேவைகூட இல்லை.

எழுதிப் பேசுவதில் ஒரு நுட்பம் உண்டு. தேர்வுத் தாளில் எழுதும் பிள்ளைக்கு ஒரே வாசகர். அவருக்கு விடை முன்பே தெரியும். ஒலிவாங்கியின் முன் பேசும் பிள்ளைக்கோ, விடை தெரியாத யாரோ ஒருவர் எங்கோ இருக்கிறார். தெரியாதவருக்குச் சொல்வதற்கு, தனக்குத் தெரிந்திருப்பதை முதலில் சோதித்தாக வேண்டும். தன் குரலையே பதிவில் கேட்டு முகம் சுளிக்காத பிள்ளை கிடையாது. அந்தச் சுளிப்பிலிருந்துதான் இரண்டாவது பதிவு பிறக்கிறது.

2014இல் கதை வேறொரு திருப்பம் எடுத்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு பகுதிகளாக வந்த 'சீரியல்' என்ற அமெரிக்கப் பாட்காஸ்ட், பால்டிமோர் பகுதியில் 1999இல் நடந்த ஒரு கொலையை மறு ஆய்வு செய்தது. கொல்லப்பட்டவர் பதினெட்டு வயதுப் பள்ளி மாணவி. தண்டனை பெற்றவர் அவருடைய பள்ளியிலேயே படித்த பதினேழு வயது மாணவர், அவரிடமிருந்து பிரிந்த காதலர். 'ரேஞ்சர் மேக்' பெற்ற அதே பீபாடி விருது 2015இல் இதற்கும் கிடைத்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்கள் பலர் இதை வகுப்புக்குக் கொண்டுபோனார்கள். சாட்சியங்களை வரிசைப்படுத்துவது, நேர அட்டவணை வரைவது, ஒருவர் சொல்வதை நம்பலாமா என்று வாதிடுவது என்று பாடங்கள் அமைந்தன. கலிபோர்னிய ஆசிரியர் ஒருவர் 2016இல் அட்லாண்டிக் இதழில் தம் அனுபவத்தை எழுதினார். வாசிப்பை ஒலி விழுங்கிவிடும் என்ற அச்சத்துக்கு மாறாக, ஒலிக்கும் சொற்களின் எழுத்துப் படியை மாணவர்கள் கண்ணால் தொடர்ந்து வாசித்தார்கள் என்பது அவருடைய சாட்சியம். செவிக்குறை உள்ள பிள்ளைக்கு அந்த எழுத்துப் படிதான் பாடமே. அது இல்லாத பாட்காஸ்டை வகுப்புக்குக் கொண்டுவராதிருப்பது நல்லது.

வாசிப்பைப் பற்றிய அச்சத்தை நாம் பகிர்ந்துகொள்ளவில்லை. நம்மை உறுத்துவது வேறு. கொலையுண்ட பெண்ணின் குடும்பம் அந்தத் தொடரில் பங்கேற்கவில்லை. ஒரு மணி நேரம் நம் காதருகே நடந்துகொண்டே பேசுவதுபோலப் பேசும் கதைசொல்லியின் குரல், தன் ஐயங்களையெல்லாம் நம்மிடம் ஒப்படைக்கும் அந்த நயமான குரல், கேட்பவரை நண்பராக்கிவிடுகிறது. சிறையிலிருந்து தொலைபேசியில் பேசும் இளைஞரின் குரலும் நமக்குக் கேட்கிறது. இறந்தவருக்குக் குரல் இல்லை. ஒலியை மட்டுமே ஊடகமாகக் கொண்ட ஒரு கதையில் இது சிறிய குறை அல்ல. மாணவர்கள் வகுப்பில் கை உயர்த்தி 'குற்றவாளி', 'நிரபராதி' என்று வாக்களித்துக்கொண்டிருந்தபோது வழக்கு உண்மையிலேயே நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் தீர்ப்பு நீக்கப்பட்டு அவர் வெளியே வந்தார். அந்த விசாரணையில் பங்கேற்கத் தமக்கு உரிய அவகாசம் தரப்படவில்லை என்று இறந்தவரின் குடும்பம் முறையிட, 2023இல் தீர்ப்பு மீண்டும் நிலைநிறுத்தப்பட்டது. 2024இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 மார்ச்சில், குற்றத்தீர்ப்பு நிற்க, இதுவரை அனுபவித்த சிறையே போதும் என்று தண்டனை குறைக்கப்பட்டது. 2015இல் அந்தப் பாடத்தைப் படித்து முடித்து மதிப்பெண் வாங்கிய மாணவருக்கு இந்தப் பிற்பகுதியைக் கற்பித்தவர் யார்?

நல்ல ஆசிரியர் இதையும் பாடமாக்கியிருப்பார் என்பதை மறுக்க மாட்டோம். நிறுத்தும் பொத்தான் அவர் கையில் இருக்கிறது. வால்ஃபோர்டு டேவிஸின் காலத்து ஆசிரியருக்கு இல்லாத வசதி அது. இப்போது சொன்னது யார் சொல், இதைச் சொல்ல வேண்டிய வேறு யாருடைய குரல் இங்கே இல்லை, பின்னணியில் ஏன் அந்த இசை வந்தது என்று இடையில் நிறுத்திக் கேட்கிற வகுப்பு ஒன்றை நாம் கற்பனை செய்கிறோம். நிகராகுவாவில் நொடிக்கணக்கில் அளந்து வைக்க வேண்டியிருந்த மௌனத்தை இன்று ஆசிரியர் தாமே, தம் வகுப்பின் முகம் பார்த்து, வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு வைக்காமல் நாற்பது நிமிடமும் ஓடவிட்டுப் பின்வரிசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தால், அவ்வகுப்பு 1924இலேயே இருக்கிறது.

அமெரிக்காவின் தேசியப் பொது வானொலி 2018இன் இறுதியில் பள்ளி மாணவர்களுக்கென்று ஒரு பாட்காஸ்ட் போட்டியை அறிவித்தது. ஆயிரக்கணக்கில் பதிவுகள் வந்து குவிந்தன. 2019இல் முதற்பரிசுகள் இரண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி நடுநிலைப் பள்ளி மாணவியர் மாதவிடாயைப் பற்றிப் பேசினார்கள். அதைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் தணிந்த குரலில்தான் பேச வேண்டியிருக்கிறது என்பதையே பேசுபொருளாக்கினார்கள். டென்னஸியின் எலிசபெத்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், தங்களுக்குப் பக்கத்திலுள்ள எர்வின் என்ற சிற்றூரைப் பற்றிப் பேசினார்கள். 1916 செப்டம்பரில் சர்க்கஸ் யானை ஒன்று தன் பாகனைக் கொன்றதற்காக, அவ்வூரின் ரயில்வே பணிமனையில் பாரந்தூக்கியில் கட்டி ஊர்மக்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டது. நூறாண்டு கடந்தும் யானையைத் தூக்கிலிட்ட ஊர் என்ற பெயர் எர்வினை விடவில்லை. அந்த அவப்பெயரோடு ஓர் ஊர் எப்படி வாழ்கிறது, அதை எப்படி இறக்கிவைக்கப் பார்க்கிறது என்று அந்தப் பிள்ளைகள் போய்க் கேட்டார்கள், பதிவு செய்தார்கள், பிறகு நாடு முழுவதும் அதைக் கேட்டது.